சம்பளப் பட்டியல் – 7: ஏறிய விலைக்குப் பிந்தி வரும் படி

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மாதத்துக்கு 42.75 கிலோ அரிசி அல்லது கோதுமை, 7.2 கிலோ பருப்பு, 18 லிட்டர் பால், 90 முட்டை, ஐந்தரை மீட்டர் துணி. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று ஏழாவது ஊதியக் குழு முடிவுசெய்தபோது, இப்படியொரு மளிகைப் பட்டியலைப் போட்டுத்தான் கணக்குப் பார்த்தது.

அந்தப் பட்டியலின் வேர் நீலகிரியில் இருக்கிறது. குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1935 முதல் பத்தாண்டுகள் தலைமை தாங்கிய டாக்டர் வாலஸ் அய்க்ராய்ட், உழைப்பவருக்கு அன்றாடம் எவ்வளவு உணவு வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர். 1957ல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியத்துக்கு அவர் கணக்கையே அடிப்படையாக ஏற்றது.

2016 ஜனவரி முதல் 18,000 அமலானது. அதற்குப் பிறகு கடையில் விலை மாதாமாதம் ஏறுகிறது. அடிப்படைச் சம்பளத்தைத் திருத்த அடுத்த குழுவின் பரிந்துரை வரவேண்டும். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் அகவிலைப்படி. ஆபீஸ் பேச்சில் டி.ஏ.; பழைய ஆட்களுக்குப் பஞ்சப்படி.

கணக்கு எளிது. 88 தொழில் மையங்களில் 317 சந்தைகளின் விலையை லேபர் பீரோ திரட்டி, மாதந்தோறும் ஒரு விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. 2001ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசைக்கு மாற்றிய அதன் 12 மாதச் சராசரி, அதே வரிசையில் 2015ன் சராசரியான 261.42ஐவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ, அத்தனை சதவீதம் படி. ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்துவார்கள். நவம்பரில் வெங்காயம் எகிறினால், ஜனவரிப் படிக்கான பன்னிரண்டு மாதங்களில் இரண்டில் மட்டுமே அது தெரியும். அறிவிப்பு பெரும்பாலும் மார்ச்சில்தான் வரும். கூடுதல் விலையை ஊழியர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிடுகிறார். அரசு அதைப் பிறகு ஈடுகட்டுகிறது. இதைச் சம்பள உயர்வு என்று தலைப்புச் செய்தியாக்குவது அநியாயம்.

ஈடுகட்டுவதும் நின்றால்?

2020 ஏப்ரலில் நின்றது. கொரோனா நெருக்கடியைக் காட்டி மத்திய அரசு 2020 ஜனவரி முதலான மூன்று தவணைகளை முடக்கியது. 48 லட்சம் ஊழியர்களுக்கும் 65 லட்சம் ஓய்வூதியர்களுக்கும் படி 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையில் ஒரே தாவலில் 28 சதவீதம். இடைப்பட்ட 18 மாத நிலுவை கிடையாது. மிச்சமான தொகை 34,402 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தமிழக அரசும் 17லேயே நிறுத்தி வைத்து, 2022 ஜனவரியில்தான் 31 ஆக்கியது.

பெருந்தொற்றுக் காலத்தில் கஜானா தவித்தது உண்மை. பணம் வந்தபிறகாவது தவணைகளாகத் தந்திருக்கலாம். ஏனென்றால் கணக்கு யாருக்கும் தெரியாமல் இல்லை. அந்த 18 மாதங்களில் ஓய்வுபெற்றவர்களுக்குப் பணிக்கொடையையும் விடுப்புக்கான தொகையையும் கணக்கிட, 2021 செப்டம்பரில் நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. 2020 முதல் பாதிக்கு 21 சதவீதம், இரண்டாம் பாதிக்கு 24, 2021 முதல் பாதிக்கு 28 என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பணியில் தொடர்ந்தவர்களின் அந்த 18 மாதச் சம்பளத்தில் மட்டும் அந்த எண்கள் ஏறவே இல்லை.

இந்தப் படியே எட்டாத தொகுப்பூதியக்காரர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)