சடங்கு வீட்டுப் படங்கள் யாருக்குச் சொந்தம்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சடங்கு என்றால், முன்பு படம் எடுக்க ஒருவர்தான் வருவார். தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி வந்து, பெண்ணை மேடையில் உட்கார வைத்து, தாய்மாமன் மாலை போடுவதையும் சீர்த்தட்டுகளையும் எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். சில வாரம் கழித்து ஆல்பம் வரும். இன்றும் அந்த ஒருவர் வருகிறார். அவரோடு நூற்றைம்பது கைப்பேசிகளும் வருகின்றன. அவற்றில் பதியும் படங்களில் பாதி, யாரோ ஒருவரின் கைப்பேசியிலேயே தூங்கி, அது பழுதாகும்போது அதோடு போய்விடுகின்றன. மீதி, நாம் நினைத்தே பார்க்காத இடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன.

கடந்த பள்ளி விடுமுறையில் என் சின்னம்மா மகளுக்குச் சடங்கு. வயது 12, படிவம் 1 மாணவி. சடங்குக்கு மூன்று வாரம் முன்பே சின்னம்மா என்னை அழைத்து, “நீதான் யூனிவர்சிட்டியில படிக்கிற. வர்றவங்க எடுக்கிற படத்தையெல்லாம் ஒண்ணு விடாம வாங்கிச் சேர்த்துக் குடு” என்றார். படிக்கிற பிள்ளை என்றால் வீட்டில் ‘ரவுட்டர்’ பழுதானாலும் நாம்தான், தாத்தாவின் ஓய்வூதியப் பாரமும் நாம்தான். இதுவும் அந்தக் கணக்கில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் இறங்கிய பிறகுதான் இதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில், விருந்தினர் எடுத்த படம் எதற்கு? கூலி கொடுத்துப் பிடித்த படப்பிடிப்பாளர்தான் இருக்கிறாரே? அவருடைய படங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு மேடைதான் தெரியும். லயத்தின் பின்கட்டில் மூன்று கல் அடுப்பில் உளுந்தங்களி கிண்டும் பெரியம்மாவை அவருக்குத் தெரியாது. பச்சை ஓலை கட்டும்போது மாமா ஏணியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்ததை அவர் பார்க்கவில்லை. பக்கத்து லயத்தில் குடியிருக்கும் வங்காளதேசத் தொழிலாளர் இருவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மொய்க்கவரோடு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்றதை அவர் எடுக்கவில்லை. இவையெல்லாம் விருந்தாளிகளின் கைப்பேசிகளில் இருந்தன.

எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் நிறுவனம் வந்தது. இந்த மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். கொழுந்து வெட்டும் வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் லயத்திலேயே பாதி வீடுகளில் பழைய குடும்பங்கள் இல்லை. கல்யாணம், காரியம், சடங்கு என்றால்தான் எல்லாரும் ஒன்றாக மலையேறி வருகிறார்கள். அந்த ஒரு நாளில் யாரோ பொழுதுபோகாமல் எடுக்கும் படத்தின் பின்னணியில் லயம் இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், வாசலில் தாத்தாவின் நாற்காலி இருக்கும். என் பாட்டிக்கும் இதே தோட்டத்தில்தான் சடங்கு நடந்தது. அதன் படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய இளவயதுப் படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்தது மட்டுமே.

விருந்தாளிகளின் படங்களைத் திரட்டுவது புதிய பழக்கமும் இல்லை. 1986-இல் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொடுத்துவிடும் படச்சுருள் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் திருமண விருந்துகளிலும், யூதப் பிள்ளைகளின் ‘பார் மிட்ஸ்வா’, ‘பாட் மிட்ஸ்வா’ விருந்துகளிலும் மேசைக்கு ஒன்றாக அந்தக் கேமராவை வைத்துவிடுவார்கள். விருந்து முடிந்ததும் எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவக் கொடுப்பார்கள். இன்று அந்த மேசைகளில் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை நிற்கிறது. கைப்பேசியைக் காட்டினால் படங்கள் நேரே ஒரு பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். கியூஆர் குறியீடும் ஜப்பானியச் சரக்குதான். வாகன உதிரிபாகங்களை எண்ணுவதற்காக டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் உருவாக்கியது.

நானும் அப்படி ஓர் அட்டை செய்து பார்த்தேன். தோட்டத்து மண்டபத்தில் அது செல்லுபடியாகவில்லை. பள்ளத்தில் இருக்கும் மண்டபத்துக்குள் அலைவரிசை ஒரு கோடுதான். அறுபது வயதைத் தாண்டியவர்கள் குறியீட்டையே படம் பிடித்துக்கொண்டு போனார்கள். “இந்தா, எடுத்துட்டேன்மா” என்று ஒரு மாமா காட்டியபோது என்ன சொல்வது? ஆகவே வாசல் மேசையில் மடிக்கணினி ஒன்று, மூன்று வகைக் கம்பிகள், மொய் எழுதும் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு என்று உட்கார்ந்துவிட்டோம் நானும் என் தம்பியும். சாப்பிட்டு முடித்து வெற்றிலை எடுக்க வருபவர்களிடம், “மாமா, கைப்பேசிய ரெண்டு நிமிஷம் குடுங்க” என்று வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே அன்றைய தேதிப் படங்களை மட்டும் இறக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். யாருடைய கைப்பேசியோ அவர் பெயரில் ஓர் உறை. கூட்டம் கலைவதற்குள் முப்பத்தொரு உறைகள் சேர்ந்தன.

“புலனத்தில அனுப்பிடுறேன்” என்றவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டேன்: படமாக அனுப்பாதீர்கள், கோப்பாக அனுப்புங்கள். புலனம் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கைப்பேசித் திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சடித்துச் சுவரில் மாட்டும்போது முகம் மாவாகத் தெரியும். எடுத்த நாள், நேரம் போன்ற விவரங்களும் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆவணம் சேர்க்கும் பகுதியில் போய் அதே படத்தைத் தேர்ந்தெடுத்தால் மூலக்கோப்பு அப்படியே வரும். நண்பர்களே, இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். நாள், நேரம் இருந்தால் முப்பத்தொரு கைப்பேசிப் படங்களையும் கணினி வரிசையாக்கிவிடும். காலை ஓலை கட்டியதிலிருந்து ஆரத்தி கரைத்துக் கொட்டியது வரை ஒரே நாள் பல கண்களில் ஓடும்.

இனி, அதிகம் யோசிக்க வைத்த பகுதி.

சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கை என்னைத் தனியாக அழைத்து, “அக்கா, குளிக்க வைக்கிறத யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க” என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் சடங்கில், மஞ்சள் நீர் ஊற்றும் படத்தை யாரோ உறவினர் முகநூலில் போட்டுவிட்டார். நனைந்த சேலை, கூச்சத்தில் குனிந்த முகம். போட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாசத்தில்தான் போட்டார். இரண்டே நாளில் அது வகுப்புப் பையன்களின் புலனக் குழுவில் ‘ஸ்டிக்கர்’ ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

நாம் மறந்துவிடும் ஒன்று இது. சடங்கு என்பது ஒரு பெண்பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்துவிட்டது என்ற செய்தி. முன்பு அந்தச் செய்தி லயத்துக்குள்ளும் உறவுக்குள்ளும் நின்றது. இன்று ஒரு படம் அதை எல்லாருக்கும் சொல்லிவிடுகிறது. 13 வயது ஆகாதவர் முகநூலில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. ஆனால் 12 வயதுப் பிள்ளையின் சடங்குப் படத்தை மற்றவர்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்! சடங்கே வேண்டாம் என்று சொல்லும் தோழிகளும் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கைத் தனியாகத்தான் பேச வேண்டும். செய்வது என்று ஒரு வீடு முடிவெடுத்த பிறகு, எதைப் படம் எடுப்பது, எதை விடுவது என்பதையாவது அந்தப் பிள்ளை சொல்லட்டுமே.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, யூதர்களின் வழக்கம் எனக்குக் கைகொடுத்தது. அவர்களுடைய மரபில் பையனுக்கு 13, பெண்ணுக்கு 12 வயது ஆகும்போது சமயப் பொறுப்புகள் தொடங்குகின்றன. பிள்ளை சபையின் முன் நின்று தோரா என்ற வேதத்திலிருந்து ஓதுவதுதான் முக்கியக் கட்டம். பெண்பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு வெகுகாலம் இல்லை; 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற சிறுமிக்கு நடந்ததுதான் அமெரிக்காவின் முதல் பொது ‘பாட் மிட்ஸ்வா’ என்கிறார்கள். இந்த ஓதுதல் வழக்கமாகச் சனிக்கிழமை, அதாவது அவர்களின் ஓய்வு நாளில் நடக்கும். மரபைக் கறாராகப் பின்பற்றும் குடும்பங்கள் அன்று கேமராவைத் தொடுவதே இல்லை. மற்ற நாளில் ஒத்திகைபோல் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள், இல்லையென்றால் தோரா ஓதும் மற்ற நாள்களான திங்களிலோ வியாழனிலோ சடங்கை வைத்துக்கொள்வார்கள். விழாவின் மையமான நேரத்துக்குப் படமே இருக்காது. அதனால் விழா குறைந்துபோனதாக யாரும் நினைப்பதில்லை.

இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். “அவங்க சாமி சொன்னதுக்காக எடுக்கறதில்ல. நம்ம புள்ள சொல்றதுக்காக நாம எடுக்காம இருக்கக் கூடாதா?” என்றும் கேட்டேன். பெரியம்மாதான் முரண்டு பிடித்தார். “எங்க காலத்துல படமே இல்ல, இப்ப இருந்தும் வேணாங்கிறீங்க” என்பது அவருடைய வருத்தம். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. படமே இல்லாத தலைமுறைக்குப் படம் என்பது சீர்வரிசை மாதிரி. ஒன்று குறைந்தாலும் மனம் தாங்காது. கடைசியில் பாட்டி தீர்த்து வைத்தார். வீட்டில் சும்மா கிடந்த பழைய கொழுந்துக் கூடையை எடுத்துக் குளிப்பிடத்தின் வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்ற வரும் பெண்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட்டு உள்ளே வரட்டும் என்றார். முதலில் தம்முடையதைப் போட்டதும் அவர்தான். பொத்தான் வைத்த பழைய நோக்கியா; அதில் கேமராவே கிடையாது.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. குடும்ப, வீட்டு விவகாரங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆக, அத்தை முகநூலில் போடும் படத்துக்கு இந்தச் சட்டம் காவல் நிற்காது. வீடுதான் நிற்க வேண்டும். கூலிக்கு எடுக்கும் படப்பிடிப்பாளர் விஷயம் வேறு. பெண்ணின் படத்தைத் தம் கடை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கினோம். அவரும் முகம் சுளிக்கவில்லை.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள், தங்கையும் நானும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தோம். ஆயிரத்துக்கும் மேல் படங்கள். ஒரே காட்சி ஐந்தாறு கைப்பேசிகளில் இருந்ததையெல்லாம் கழித்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்று பிரிவு: எல்லாருக்கும், குடும்பத்துக்கு மட்டும், அழித்துவிடு. எந்தப் பிரிவு என்று அவள் சொன்னாள், நான் பொத்தானைத் தட்டினேன். அழிக்கச் சொல்லிக் குவிப்பாள் என்று நினைத்திருந்தேன். நாற்பதுகூட இல்லை. மேடையில் நகையோடு நிற்கும் படங்களில் பலவற்றைக் குடும்பத்துக்கு மட்டும் என்றாள். எல்லாருக்கும் என்று அவள் முதலில் தேர்ந்தெடுத்தது, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலைச் சரிவின் ஓரத்தில் சிற்றப்பா பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் தின்னும் படம். எடுத்தவர் அந்த வங்காளதேச அண்ணன்களில் ஒருவர்.

‘எல்லாருக்கும்’ பிரிவின் இணைப்பை, படம் கொடுத்த முப்பத்தொரு பேருக்கும் அனுப்பினோம். கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை யார் கொடுப்பார்கள்? பொதுவில் போடுவதானால் தங்கையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கூடவே எழுதினோம். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கேட்காமலே போட்டார். மாமா அழைத்துச் சொன்னதும் எடுத்துவிட்டார்.

மூலப்படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, சின்னம்மா வீட்டு அலமாரியில் பழைய ஆல்பங்களுக்குப் பக்கத்தில் ஒரு ‘ஹார்ட் டிஸ்க்’. மலைக்குளிரில் ஈரம் ஏறாமல் இருக்க, அரிசி போட்ட துணிப்பையோடு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறோம். இன்னொன்று இணையச் சேமிப்பில். கூகள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டுக்குள் காணொளிகள் அடங்கவில்லை. படங்கள் மட்டும் அடங்கின. கடவுச்சொல் தங்கையிடம் இருக்கிறது. என்னிடம்கூட இல்லை. ஓலை கட்டியபோது எடுத்த ஒரு காணொளி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கிள்ளானில் இருக்கும் பெரிய மாமாவின் கைப்பேசியில் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது கம்பியோடு காத்திருப்பேன்.