"ஹஜ்ரத், அது என்ன குருவி?"

பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நான் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பருத்திச் செடி உண்டு. சென்ற ஐப்பசியில், ஓத வந்த சிறுவன் ஒருவன் அதைச் சுட்டிக்காட்டி, "ஹஜ்ரத், அது என்ன குருவி?" என்று கேட்டான். சிட்டுக்குருவியை விடச் சிறிய பறவை. முதுகு மங்கிய பழுப்பு, அடிப்புறம் மஞ்சள், தொண்டையிலிருந்து வயிறு வரை மைக்கோடு இழுத்தாற்போல ஒரு கறுப்புப் பட்டை. "எல்லாம் குருவிதான், பாடத்தைப் பார்!" என்று அதட்டினேன். எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. அதைச் சொல்ல என் தாடி இடம் தரவில்லை.

அதன்பின் பல நாட்கள் அவன் எதையுமே கேட்கவில்லை. பாடத்தில்கூடச் சந்தேகம் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியபோதுதான் மர்ஹூம் டாக்டர் சாலிம் அலி அவர்களின் இளமைப் பருவம் நினைவுக்கு வந்தது.

1896-இல் பம்பாயில் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவர்களுக்கான காற்றுத் துப்பாக்கியால் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சள் திட்டு! "இது என்ன குருவி?" என்று மாமாவிடம் போய் நின்றார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் அதட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு துரைக்கு ஒரு கடிதம் எழ்திக் கொடுத்து அனுப்பி வைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நில்லாமல், கழகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் மில்லர்டு அந்தச் சிறுவருக்குக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார்.

அச்சிறுவர்தாம் 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டவர். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவையியல் மையமே இயங்குகிறது. அன்று மாமா "எல்லாம் குருவிதான்" என்று சொல்லியிருந்தால்?

மறுநாளே அந்தச் சிறுவனை அழைத்து, "எனக்குத் தெரியாதப்பா, இருவருமாகப் பார்ப்போம்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

வாசகர்களே, அறியாத பறவையைக் கண்டால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். பருவத்துக்குப் பருவம் மாறும். முதலில் உருவத்தைச் சிட்டுக்குருவியோடு ஒப்பிடுங்கள். பிறகு அலகைக் கவனியுங்கள். தானியம் உடைக்கும் சிட்டுக்குருவிக்குக் குட்டையான தடித்த அலகு. எங்கள் பறவைக்கோ வளைந்த ஊசி போன்ற அலகு! அது பூவுக்குப் பூ தாவி, அலகை உள்ளே நுழைத்தது. ஆகவே குருவியன்று, தேன்சிட்டு.

பறவை நூலைப் புரட்டியபோது முடிச்சு அவிழ்ந்தது. அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது தன் மினுமினுப்பை இழந்து பெண்ணைப் போலவே ஆகிவிடும். தொண்டைப் பட்டை மட்டுமே அடையாளமாக எஞ்சும். தை பிறந்தபோது எங்கள் செம்பருத்தியில் கருநீலமாய் ஒன்று மின்னியது. முதலில் கண்டவன் அந்தச் சிறுவன்தான்.

நம் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அதற்குமுன் உங்கள் கொல்லையில் ஒரு சட்டித் தண்ணீர் வையுங்கள். வருகின்ற பறவையை நாளும் தேதியுமாக ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கூட்டைக் கண்டால் தொடாமல் தள்ளி நின்று பார்க்கப் பழக்குங்கள்.

"தெரியாது" என்பது ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ இழிவன்று. அதோடு நின்றுவிடுவதுதான் இழிவு. நேற்று அவன் முருங்கை மரத்தைக் காட்டி இன்னொரு பறவையைக் கேட்டான். அதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்ஷா அல்லாஹ், இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.