வாடகைக் குடியை வெளியேற்றும் முறை

தனக்கு உரிமையான வீட்டிலிருந்து வாடகைக்காரரை வெளியேற்றச் சொந்தக்காரருக்கு ஒரு பூட்டுப் போதும் என்று எண்ணுவோர் பலர். வீடு என்னுடையது, அதன் கதவும் என்னுடையது என்பது அவர்கள் வாதம். இலங்கைச் சட்டம் இவ்வாதத்தை ஏற்பதில்லை. வீட்டின் உரிமை ஒருவருடையதாயினும், அதில் வாழும் ஆட்சி வாடகைக்காரருடையது. அவ்வாட்சியை நீக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு.

வாடகைக்காரர் வெளியே சென்றிருக்கும் வேளையில் பூட்டை மாற்றி, அவரது தட்டுமுட்டுப் பொருட்களை முற்றத்தில் இறக்கிவைத்தால் நிகழ்வது என்ன? அமைதிக்குப் பங்கம் நேரக்கூடிய காணித் தகராறாக அது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் செல்லலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதம் கடக்குமுன் தகவல் தாக்கல் செய்யப்படின், உரிமை யாருடையது என்று ஆராயாமலே ஆட்சியை வாடகைக்காரருக்கு மீளக் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். அவசரப்பட்ட சொந்தக்காரர் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார். செலவு மட்டும் மிஞ்சும்.

ஆகவே முதற்படி அறிவித்தல் ஆகும். மாதவாடகைக் குடியிருப்பாயின், பொதுச் சட்டப்படி ஒரு மாத அறிவித்தல் கொடுத்து, மாத முடிவில் அதை முடிவுறுத்தலாம். ஆனால் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு அமைந்த வீடுகளில் அறிவித்தல் மட்டும் போதாது. சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டும். 1980 ஜனவரி 1ஆம் திகதிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகள் இச்சட்டத்தின் பிடியிலிருந்து பெரும்பாலும் நீங்கின. வழக்கை எண்ணும் இரு தரப்பாரும் வீடு கட்டப்பட்ட ஆண்டை முதலில் அறிந்துகொள்வது நன்று.

வாடகை நிலுவையே பெரும்பாலும் எழும் காரணம். மூன்று மாதமோ அதற்கு மேலோ வாடகை நிலுவையாயின் வழக்குத் தொடரலாம். எனினும் முதல்முறை நிலுவை வைத்தவருக்கு மூன்று மாத அறிவித்தலும், இரண்டாம் முறையாயின் இரண்டு மாத அறிவித்தலும் கொடுத்தல் வேண்டும். அதற்குப் பின்னர் ஒரு மாதம் போதும். நோயினாலோ வேலை இழப்பினாலோ ஒருமுறை தவறியவருக்கும், தவறுதலையே வழக்கமாக்கிக் கொண்டவருக்கும் சட்டம் வேற்றுமை காண்கிறது என்பது இதனாற் புலப்படும். வழக்குத் தொடரப்பட்ட பின்னரும், அழைப்பாணையிற் குறித்த திகதிக்குள் நிலுவை முழுவதையும் சொந்தக்காரரிடம் செலுத்த முன்வருபவருக்கு எதிராக வழக்கைக் கொண்டு செல்ல இயலாது.

சொந்தக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்துப் பின்னர் நிலுவை என்று வழக்காடுவதும் உண்டு. இத்தந்திரத்துக்கும் சட்டத்தில் மாற்று உண்டு. வாடகையை உள்ளூராட்சி அதிகாரியிடம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறலாம். அது சொந்தக்காரருக்கே செலுத்தியதாகக் கொள்ளப்படும். அச்சீட்டைப் பத்திரப்படுத்தாதவர் பிற்பாடு வருந்துவார்.

எழுத்து மூலமான சம்மதமின்றி வீட்டை வேறொருவருக்கு மீள்வாடகைக்கு விடுதலும், அயலாருக்குத் தொல்லையாயிருத்தலும், வீட்டைச் சீரழித்தலும் ஏனைய காரணங்கள். சொந்தக்காரர் தாமே குடியிருக்க வீடு நியாயமாகத் தேவைப்படுதலும் ஒரு காரணமே. பிள்ளைக்குத் திருமணம் என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது அரிது. இரு தரப்பாரின் இடர்களையும் நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கும்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடரப்படும். வாடகைக்கு விட்டவருக்கு அவ்வீட்டில் உரித்தே இருக்கவில்லை என்று வாடகைக்காரர் வாதிடச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடங்கொடாது. எனவே வழக்கு அறிவித்தலையும் பற்றுச்சீட்டுகளையும் சுற்றியே நடைபெறும். அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் படியொன்றை வைத்துக்கொள்ளுமாறு சட்டத்தரணிகள் கூறுவது இதனாலேயே.

இவ்வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதைக் கண்டே, குத்தகைக்குக் கொடுத்த வளவுகளின் ஆட்சியை மீளப் பெறுதற்குச் சுருக்கமான நடைமுறையை வகுக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அந்நடைமுறையிலும் நீதிமன்றத்தின் வாயிலைத் தாண்டியே செல்லவேண்டும்.

தீர்ப்புக் கிடைத்த மறுநாளே சொந்தக்காரர் ஆட்களுடன் சென்று சாமான்களை அகற்றுவதும் முறையன்று. அவர் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரிப் பெறுதல் வேண்டும். அவ்வாணையுடன் பிஸ்கால் அலுவலர் வந்து, உள்ளிருப்போரை அகற்றி, வீட்டின் ஆட்சியை அவரிடம் ஒப்படைப்பார்.