மிதக்க ஓர் ஆறு, பார்க்க ஒரு கடல்



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இம்முறை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது?" ஒருவர் ஆற்றில் டியூப் போட்டு மிதக்கலாம் என்பார். இன்னொருவர், தீவுக்குப் போய் முகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப் பாறைகளைப் பார்க்கலாம் என்பார். பேருந்துக் கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். போகும் இடத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

முதலில் ஆறு. மிதவைக்குப் பெயர் பெற்றது பேராக் மாநிலத்தில் கோப்பேங் பக்கம் ஓடும் கம்பார் ஆறு. மலைத்தொடரிலிருந்து இறங்கி வருவதால் அதன் நீர் குளிர்ந்தும் விரைந்தும் ஓடும். அழகுதான். ஆனால் இத்தகைய மலையாறுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மலாய் மொழியில் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீரின் தலை என்று பொருள்.

நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். பல கிலோமீட்டருக்கு மேலே, மலை உச்சியில், கனமழை கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே சரிந்த மரங்களும் சருகுகளும் பாறைகளும் ஓடையை அடைத்து, அணை போல நீரைத் தேக்கிவிடுவதும் உண்டு. அந்த அடைப்பு உடைந்ததும், தேங்கிய நீர் முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும். கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் மண்ணும் மரமும் கலந்து வந்த வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவில் ஜெராய் மலையடிவாரத்தில், யான் வட்டாரத்தில், அதே போன்ற வெள்ளம் வந்து உயிர்கள் பலியாயின. இரண்டும் நடந்தது நாம் 'மழைக்காலம்' என்று பயப்படும் டிசம்பரில் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். சற்று முன் நீருக்கு மேலே தெரிந்த பாறை இப்போது மூழ்கியிருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைத் தேடக் கூடாது, சோற்றுப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பக் கூடாது. ஓரமாகக் கீழ்நோக்கி ஓடுவதும் பயனில்லை. தண்ணீர் நம்மைவிட வேகமாக ஓடும். பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். மலைப்பக்கம் பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை கட்டும். எனவே ஆற்றுக்குப் போகிறவர்கள் காலையில் போய், உச்சிக்குள் கரையேறிவிடுவது நல்லது. உடம்பில் ஆறாத புண் இருக்கும் பிள்ளையை ஆற்றில் இறக்காதீர்கள். 2010இல் பகாங்கின் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே எலிக் காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயும் கண்டு, சிலர் மாண்டே போனார்கள்.

சிறு பிள்ளைகள் மிதப்பதற்குச் செயற்கை ஆறே போதும் என்பது என் கருத்து. ஈப்போவுக்கு அருகே தம்பூனில் உள்ள நீர்ப் பூங்காவில் அப்படி ஒன்று இருக்கிறது. நீரை இயந்திரம் தள்ளுகிறது. மழை பெய்தாலும் மலை அதனுடன் சேர்ந்து வருவதில்லை. செயற்கைதானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இனிக் கடல். டிசம்பர் விடுமுறையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று திட்டமிடுவது வீண். வடகிழக்குப் பருவக் காற்று அப்போது கிழக்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கும். விடுதிகள் பலவும் மூடிக் கிடக்கும். அங்கே போக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மேற்கில் லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவு அந்தக் காற்றுக்கு மறைவாக இருக்கிறது. மலாக்கா நீரிணை வண்டல் கலந்தது என்பதால் கிழக்குக் கரையின் தெளிவை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆயினும் ஆழமில்லாத நீரிலேயே மீன் கூட்டங்களையும் குட்டிச் சுறாக்களையும் காணலாம்.

நீரில் வெறுங்கண்ணால் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது ஏன்? கண்ணின் முன்பக்கம் காற்றிலிருந்து வரும் ஒளியை வளைக்க அமைந்தது. நீரில் அந்த வளைவு நடப்பதில்லை. முகக் கண்ணாடி நம் கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை வைத்துக் கொடுக்கிறது. அதனால் மீன் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், பக்கத்தில் இருப்பது போலவும் தோன்றும். கண்ணாடி மூக்கையும் மூட வேண்டும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அந்த முகத்துக்கு அது பொருந்தாது.

"மூச்சுக் குழாய் நீளமாக இருந்தால் ஆழத்துக்குப் போகலாமே, சார்?" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். போக முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை விரியவிடாது. நீண்ட குழாயில் நாம் விட்ட கெட்ட காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வரும்.

பவளம் கல் என்று எண்ணி அதன் மேல் நிற்பவர்கள் நிறைய. அது உயிர். நுண்ணிய பிராணிகள் கட்டிய வீடு. அவற்றுக்குள் வாழும் பாசிதான் உணவில் பெரும்பகுதியைத் தருகிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் ஆகிய தீவுகளில் சில இடங்களை அரசு சில மாதங்கள் மூடியே வைத்தது. ஆகவே வெயிலுக்கு எண்ணெய் பூசுவதைவிட நீளக் கைச் சட்டை போட்டு இறங்குங்கள். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள்.

படகுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற மிதவைச் சட்டை எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால், நீரில் சட்டை மேலே எழும்பும், பிள்ளை கீழே நழுவும். இருபது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சட்டைதான் இருக்கிறதென்றால், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் இறக்குங்கள். மற்ற எட்டுப் பேரும் கரையில் ஓர் ஆசிரியரோடு இருக்கட்டும்.