நடுக்கடலில் நடந்த தச்சுவேலை

வீட்டுக் கூரையில் ஓடு விலகினால் அதனைச் சீர்செய்ய ஆளை அழைக்கின்றோம். அவர் இன்று வராவிடின் நாளை வருவார். அதுவரை ஒழுக்கின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு உறங்கிவிடுகின்றோம். கலத்தையே வீடாகக் கொண்டு கடலில் வாழ்வோர்க்கு இவ்வசதி கிடையாது. உடைந்தது எதுவாயினும், கையிலுள்ள கருவியைக் கொண்டு, அப்பொழுதே, தாமே செப்பனிட்டாதல் வேண்டும். பலகை போதாதவிடத்து வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து மறு பகுதியைக் காத்தல் வேண்டும். ‘சூ ஹாங்’ என்னும் பாய்க்கப்பலின் கதை இதனைத் தெளிவாய்க் காட்டும்.

1938 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிலே தேக்கு மரத்தாற் கட்டப்பெற்ற அக்கலம் 46 அடி நீளமானது. பாய்மரங்கள் இரண்டு கொண்டது. அதன் உரிமையாளர் மைல்ஸ் ஸ்மீற்றன், பிரித்தானிய இந்தியப் படையில் பிரிகேடியராக இருந்தவர். அவரும் மனைவி பெரிலும் பாய் விரித்துப் பழகாத நிலையிலேயே கலத்தை வாங்கி, அதனையே இல்லமாக்கிக் கொண்டனர் என்பது வியப்புக்குரியது. 1956 டிசம்பர் 22 ஆம் நாள், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹோர்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்து செல்லும் நோக்குடன், இருவரும் மெல்பேணிலிருந்து புறப்பட்டனர். துணைக்கு வந்தவர் ஜோன் கஸ்வெல் என்னும் இளைஞர். தொழிலால் அவர் தச்சர். தாமே கட்டிய சிறு கலமொன்றில் தனியே பசிபிக்கைக் கடந்து வந்தவர். பூனையொன்றும் உடன் சென்றது.

1957 பெப்ரவரி 14 காலை, தென் சமுத்திரத்தில் அலைகள் குன்றுகள் போல் எழுந்தன. கலத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த அறுபது பாகம் நீளமான தடித்த வடத்தைப் பின்னால் இழுக்கவிட்டு ஓடிக்கொண்டிருந்தனர். சுக்கானைப் பிடித்திருந்தவர் பெரில். ஆண்கள் இருவரும் உள்ளே இருந்தனர். அப்பொழுது சுவரெனச் செங்குத்தாய் வந்த அலையொன்று பின்புறத்தைத் தூக்க, அணியம் நீரிற் புதைந்து, கலம் குட்டிக்கரணம் அடித்தது.

இருவரும் மேலே வந்து பார்த்தபோது பாய்மரங்கள் இரண்டும் இல்லை. சுக்கானும் இல்லை. தளத்தின் மேலிருந்த சிற்றறை பெயர்ந்துபோய், அவ்விடத்தில் ஏறக்குறைய ஆறடிச் சதுரமான துவாரம் வாய் பிளந்து நின்றது. இடுப்பிற் கட்டிய கயிறு அறுந்து கடலில் வீசப்பட்ட பெரில், முப்பது யார் அப்பால் மிதந்துகொண்டிருந்தார். கலத்தோடு கயிறுகளால் இன்னும் பிணைந்திருந்த முறிந்த மரத்தை நீந்திப் பற்றி, அதன் வழியே அவர் மீண்டார்.

எல்லாம் முடிந்தது என்றே தாம் எண்ணியதாக மைல்ஸ் பின்னர் மறையாது எழுதியுள்ளார். காயமுற்றிருந்த பெரிலோ வாளிகளைத் தேடிச் சென்றார்.

இங்கே கவனிக்கத்தக்கது அவர்கள் வேலை செய்த வரிசை. பாய்மரம் போனதே பேரிழப்பெனக் கரையிலிருக்கும் நமக்குத் தோன்றும். ஆனால் பாய்மரமில்லாத கலம் மிதக்கும்; திறந்த துவாரத்தோடு இன்னோர் அலையை ஏற்ற கலம் மிதவாது. ஆகவே கஸ்வெல் முதலில் துவாரத்தை அடைத்தார். உட்கதவுகளும் பலகைகளும் குறுக்கே கிடத்தப்பட்டன; அவற்றின் மேல் பாய்த்துணி விரித்து ஆணி அறையப்பட்டது. மற்ற இருவரும் வாளி வாளியாக நீரை இறைத்தனர். எத்தனை வாளி என்று யார் எண்ணினார்! பூனையும், நனைந்து நடுங்கிய நிலையில், உயிரோடு அகப்பட்டது.

நீர் வடிந்து கலம் நிலைபெற்ற பின்னரே பாய்மரத்தைப் பற்றிய சிந்தனை எழுந்தது. கலத்தினுள்ளே எஞ்சிய மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கஸ்வெல் குறும்பாய்மரம் அமைத்தார்; சுக்கானுக்குப் பதிலாக நீண்ட துடுப்பொன்றும் செய்தார். நேற்றுவரை கதவாகவும் தட்டாகவும் இருந்தவை இன்று கப்பலைச் செலுத்தின. ஆயிரம் மைல்களுக்கு மேற்பட்ட தூரத்தை இவ்வாறே கடந்து, மார்ச் மாதத்தில் சிலி நாட்டுத் துறைமுகமாகிய கொரொனெலை அடைந்தனர்.

தச்சர் ஒருவர் உடனிருந்தமையாற் பிழைத்தனர் என்று கூறிவிடலாம். அதுவும் உண்மையே. ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கஸ்வெல் தம் சிறு கலத்திற்குத் திரும்பிவிட, சிலியிலே செப்பனிட்ட சூ ஹாங்கில் அவ்வாண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் மீண்டும் ஹோர்ன் முனையை நோக்கினர். இம்முறை புயலில் வடம் இழுத்து ஓடாது, பாய்களை இறக்கிவிட்டு மிதந்தனர். 26 ஆம் நாள் கலம் பக்கவாட்டிற் புரண்டது. மீண்டும் பாய்மரங்கள் முறிந்தன.

மைல்சுக்கு வயது 51, பெரிலுக்கு 52. தச்சர் இல்லை. கஸ்வெல் செய்தபோது கண்டிருந்த வேலையைத் தம் கைகளாற் செய்தனர். அவர் செய்தது போல் அது அழகாய் அமைந்திருக்கத் தேவையில்லை. காற்றைப் பிடித்தது, அவ்வளவே. 1958 இன் தொடக்கத்தில் வல்பரைசோ துறைமுகத்தைச் சேர்ந்தனர்.

பதினோராண்டுகளின் பின், 1968 டிசம்பரில், அதே சூ ஹாங்கில், இளைஞர் ஒருவர் துணையுடன், கிழக்கிலிருந்து மேற்காக ஹோர்ன் முனையை அத்தம்பதியர் சுற்றி வந்தனர்.