யோபு நூலில் முன்னோர் மொழியும் பணிவும்

எபிரேய ஞான இலக்கியத்தில் அறிவு பெரும்பாலும் கேட்டுப் பெறுவதாகவே காட்டப்படுகிறது. தந்தையின் கண்டிப்புக்கும் தாயின் போதனைக்கும் மகன் செவிசாய்க்க வேண்டும் என்பது நீதிமொழிகளின் தொடக்க அறிவுரைகளுள் ஒன்று (1:8). மேன்மைக்கு முன் நிற்பது ‘அனாவா’, அதாவது தாழ்மை, என்னும் கருத்து அந்நூலில் இருமுறை ஒரே சொற்களால் வருகிறது (15:33; 18:12). சொல்பவர் மூத்தவர், பணிந்து கேட்பவர் இளையவர் என்பதே இங்குள்ள ஒழுங்கு. முன்னோர் மொழியும் கண்முன் நிகழ்வதும் முரண்பட்டால் பணிவு எப்பக்கம் நிற்கும் என்னும் வினாவை யோபு நூல் எழுப்புகிறது.

மக்கள் அனைவரையும் ஒரே நாளில் இழந்த யோபுவிடம் அவருடைய நண்பர் பில்தாத், முந்தைய தலைமுறையினரிடம் கேட்டறியுமாறு கூறுகிறார். தாமும் பிறரும் நேற்றுத் தோன்றியவர்களே, ஏதும் அறியாதவர்களே என்பது அவர் காட்டும் காரணம் (8:8-9). தனித்து நோக்கினால் இது தூய பணிவுரையே. ஆயினும் இதற்கு நான்கு வசனங்களுக்கு முன்பே, இறந்த பிள்ளைகள் தம் பாவத்தின் பலனைப் பெற்றிருக்கலாம் என்பதை அவர் சொல்லிவிட்டார் (8:4). முடிவு முதலில் வருகிறது. அதற்குத் துணையாகவே முன்னோர் பின்னர் அழைக்கப்படுகின்றனர். யோபு குற்றமற்றவர் என்பதைக் கடவுளின் வாய்மொழியாகவே முன்னுரைப் பகுதியில் அறிந்த வாசகர்க்கு (1:8; 2:3) இப்பணிவின் உள்ளீடு புலப்படாமல் போகாது.

யோபுவின் மறுமொழி மரபறிவைத் தள்ளுவதன்று. நண்பர்கள் அறிந்தவற்றைத் தாமும் அறிந்திருப்பதாகவே அவர் கூறுகிறார் (13:2). 21ஆம் அதிகாரத்தில் அவர் வழிப்போக்கர்களைச் சான்றுக்கு அழைக்கிறார். கேடுள்ள நாளில் தீயவன் தப்பிவிடுவதை ஊர் ஊராய்ச் செல்வோர் கண்டிருக்கின்றனர். அவர்களிடம் நீங்கள் கேட்டதில்லையா என்பது அவர் வினா (21:29-30). பில்தாத் ஆண்ட ‘ஷாஅல்’ (கேள்) என்னும் அதே வினையடியே இங்கும் வருகிறது. முன்னோரிடம் கேட்பது போலவே வழிப்போக்கரிடம் கேட்பதும் பிறர்வழிப் பெறும் அறிவுதான். நண்பர்கள் ஒரு சாராரிடம் மட்டுமே கேட்டனர் என்பதே யோபுவின் குற்றச்சாட்டு எனலாம்.

வயதில் இளையவரான எலிகூ மூத்தோர்க்கு வழிவிட்டுக் காத்திருந்ததாகச் சொல்லித் தொடங்கி (32:6), தம்மை அறிவில் தேறியவராகக் கூறிக்கொள்ளும் அளவுக்குச் செல்கிறார் (36:4). இறுதித் தீர்ப்பில் அவர் பெயரே இடம்பெறவில்லை. கண்டனம் எலிப்பாசுக்கும் அவருடைய இரு நண்பர்களுக்கும் கிடைக்கிறது. தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் யோபுவே என்கிறார் கடவுள் (42:7).

இத்தீர்ப்பின் ஒளியில் அதற்கு முந்தைய வசனத்தைப் படிக்க வேண்டும். 42:6இல் வரும் ‘எம்அஸ்’ (மறுக்கிறேன், தள்ளுகிறேன்) என்னும் வினைக்கு எபிரேய மூலத்தில் செயப்படுபொருள் இல்லை. யோபு தம்மையே அருவருப்பதாகத் தமிழின் பழைய திருப்புதல் அதனை நிரப்புகிறது. அடுத்து வரும் வினையும் ‘வருந்துதல்’, ‘மனம் மாறுதல்’, ‘ஆறுதல் அடைதல்’ ஆகிய பொருள்களுக்கு இடம் தருவது. தம் வழக்கைத் திரும்பப் பெறுகிறார் என்றும், புழுதியும் சாம்பலுமான மனித நிலையைக் குறித்து ஆறுதல் அடைகிறார் என்றும் இவ்வசனத்தை வாசிக்க இலக்கணம் தடையாக இல்லை. பழைய திருப்புதலின் வாசிப்பை மட்டும் ஏற்றால், துன்புற்றவர் தம்மையே வெறுத்து அடங்குவதுதான் பணிவு என்றாகிவிடும். அதுவோ, நண்பர்கள் தொடக்கம் முதலே அவரிடம் எதிர்பார்த்தது.