வெள்ளைத் திட்டு தெரியும் அந்த ஒரு நிமிடம்

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு சிஸ்டர் டெஸ்ட்டு?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் பெண்கள் பலர் கேட்பது இதைத்தான். ஒன்றும் இல்லாதபோதே செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை அது. காரணம், செல் பிரியும் விதத்தில் இருக்கிறது.

ஒரு செல் இரண்டாவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கிறது. நகலெடுக்கத் தொடங்கும் இடத்தில் ஆர்.பி. என்ற புரதம் காவல் நிற்கிறது. டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, அது விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும். டி.என்.ஏ.வில் பழுது இருந்தால் வண்டியை நிறுத்திவைப்பதும், சரிசெய்ய முடியாத செல்லை மடியச் செய்வதும் பி53 என்ற புரதத்தின் வேலை. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் அந்த மரபணு நன்றாகவே இருக்கும். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காவலர்களை வேலை செய்ய விடுவதில்லை. அதன் ஈ7 புரதம் ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்கிறது, ஈ6 புரதம் பி53-ஐச் சிதைக்க வைக்கிறது. விசில் கொடுக்க ஆளில்லாமலே வண்டி ஓடத் தொடங்கிவிடும். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம்.

1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கியபோது ஆர்.பி.யும் பி53-ம் மறுபடி வேலைக்கு வந்தன; செல்கள் பிரிவதை நிறுத்தின. அத்தனை ஆண்டுகள் கழித்தும் காவலர்கள் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள்! ஆனால் செல்களை எடுத்தபோது அந்தப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று உங்களிடம் கேட்டாக வேண்டும். என்ன பரிசோதனை, எதற்கு என்று விளக்கிய பிறகே தொட வேண்டும். ஆண் மருத்துவர் பார்த்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. தாம்பத்திய வாழ்வில் இருக்கும் எவருக்கும் தொற்றக்கூடியது என்பதால் இதில் நடத்தையைப் பற்றிப் பேச எதுவுமில்லை. தங்கிவிட்டால்கூட, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ளவருக்கு அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. இருந்தால் அந்த அவகாசம் குறைவு. கூச்சத்தில் நாம் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான். எனக்கு மனசு ஆறாதது இதில்தான்.

பரிசோதனை எளிது. நர்ஸ் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் ஒற்றுவார். சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். அவசரமாகப் பிரியும் செல்கள் நெருக்கியடித்து, புரதம் மிகுந்து கிடக்கும். அமிலம் பட்டதும், எலுமிச்சை பிழிந்த பால்போல அந்த இடம் திரைந்து வெளுக்கும். இதற்கு வி.ஐ.ஏ. என்று பெயர். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை இதைச் செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் தந்தார்கள். அந்தப் பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு அது.

வெள்ளைத் திட்டெல்லாம் புற்றுநோய் அல்ல. பல திட்டுகளை உறையவைத்தோ சூடு வைத்தோ நீக்கிவிடலாம். மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. திட்டைக் காட்டி யாராவது உடனே கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள்.

30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி போடுவதே சிறந்தது; ஏற்கெனவே தொற்றிய வைரஸை அது விரட்டாது. தடுப்பூசி போட்டவரும் பின்னாளில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் உறுதியானால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றில் எது இருந்தாலும் அடுத்த முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.